ராஜாபாய் மணிக்கூண்டு: கடிகாரம் எப்படி ஓடுகிறது, எதனால் நின்றுபோகும்

கேட்கப்பட்டவை நான்கு. மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டை வளாகத்தில் இருக்கும் ராஜாபாய் மணிக்கூண்டு லண்டன் பிக் பென்னின் நகலா? பார்வையிழந்த தாய்க்காக மகன் கட்டியது என்ற கதை உண்மையா? இத்தனை பழைய கடிகாரங்கள் எப்படி ஓடுகின்றன? முன்பு 16 மெட்டு வாசித்த மணிகள் இப்போது ஏன் ஒரே மெட்டோடு நின்றுவிட்டன? சரக்குள்ளவை கடைசி இரண்டும்தான். முதல் இரண்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகலாம்.

நகல் என்பது பாதி உண்மைகூட இல்லை. பிக் பென் என்பது முதலில் மணியின் பெயர், கோபுரத்தின் பெயரல்ல. அந்த லண்டன் கோபுரம் 96 மீட்டர் உயரம். அடியிலிருந்து கடிகாரம் வரை ஒரே சதுரமாக, பென்சிலை நிமிர்த்தி வைத்ததுபோல் ஏறும். ராஜாபாய் அப்படியில்லை. மொத்த உயரம் 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர். அது மூன்று கட்டமாக ஏறுகிறது. கீழே வண்டிகள் வந்து நிற்க 26 அடிச் சதுரத்தில் ஒரு முகமண்டபம். தரையிலிருந்து முதல் மாடம் வரை 68 அடிக்குச் சதுரம். அங்கிருந்து எண்கோணமாக மாறி 118 அடி. அதற்கு மேல் உச்சிக் கலசம் வரை 94 அடி. சதுரம் எண்கோணமாகும் அந்த இடம்தான் கட்டடக்காரர் பார்வையில் முக்கியம். நான்கு மூலையையும் வெட்டிவிட்டால் மேலே ஏறும் கல்லின் எடையும் குறையும், கடற்காற்று மோதும் பரப்பும் குறையும்.

வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலைய ஓட்டல் அவருடையதுதான். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. படங்கள் கப்பலில் வந்தன. பக்கத்திலுள்ள பட்டமளிப்பு மண்டபமும் அவர் வரைந்ததே. 1869 மார்ச் 1-இல் அடிக்கல் நாட்டி, 1878 நவம்பரில் வேலை முடிந்தது. செலவு சுமார் 5.5 லட்சம் ரூபாய். கல் உள்ளூர்க் கல்: வெளிர் மஞ்சள் சாயலுள்ள குர்லாக் கல். கோபுரத்தைச் சுற்றி மேற்கிந்தியச் சமூகங்களைக் காட்டும் 24 சிலைகள் உண்டு. லண்டன் கோபுரத்தில் இப்படி எதுவும் கிடையாது. நகல் என்று சொல்பவர்கள் இந்தச் சிலைகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

இனி தாய் கதை. பணம் கொடுத்தவர் பருத்தி வியாபாரத்திலும் பங்கு வர்த்தகத்திலும் பெரும் பணம் பார்த்த பிரேம்சந்த் ராய்சந்த். பம்பாய்ப் பங்குச்சந்தையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது நின்றுபோக, பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறிக் கொழித்த 1864-இல் அவர் கோபுரத்துக்காக 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். தாய் ராஜாபாயின் பெயரை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. மறு வருஷமே போர் முடிந்து விலை சரிந்தது. அவரும் சேர்ந்து சரிந்தார். அதற்குள் அவர் கொடுத்துவிட்ட பணம் கோபுரச் செலவில் ஒரு பகுதிக்கு உதவியது.

தாய்க்குப் பார்வை இல்லை, சமண வழக்கப்படி சூரியன் சாயும் முன் சாப்பிட்டாக வேண்டும், மணியோசை கேட்டு அவர் பொழுதை அறிந்துகொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அழகான கதைதான். ஆனால் மணி சொல்வது மணிக்கணக்கை, அஸ்தமனத்தை அல்ல. மும்பையில் இன்றைய கடிகாரப்படி சூரியன் நவம்பர் கடைசியில் மாலை 6 மணிக்கும், ஜூலைத் தொடக்கத்தில் 7.20 வாக்கிலும் சாயும். 80 நிமிட வித்தியாசம். பஞ்சாங்கம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் மணியோசை அந்த வேலைக்கு உதவும்.

இந்தக் கோபுரத்தின் வரலாற்றில் கதையைவிடச் சுவையான ஒரு சண்டை உண்டு. அதில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. அப்போது பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். மெட்ராஸ் நேரம் 5 மணி 21 நிமிடம் முன்னால். நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து வந்த அந்த நேரத்தில்தான் ரயில்கள் ஓடின. 1881-இல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அரசு அலுவலகங்கள் எல்லாம் மெட்ராஸ் நேரத்துக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டார். ஊர் கொதித்தது. அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது யார் என்று சண்டை. பல்கலைக்கழகம் தன் மணிக்கூண்டில் பம்பாய் நேரத்தையே காட்டியது. அப்படியானால் இரவில் முகப்புக்கு விளக்கேற்றக் காசு தர மாட்டோம் என்றது அரசு. இந்திய நேரம் 1906-இல் வந்த பிறகும் பம்பாய் மாநகராட்சி 39 நிமிடம் பின்தங்கிய பழைய நேரத்தை 1955 வரை விடவில்லை. எந்த நேரத்தைக் காட்டுவது என்பதற்கே இத்தனை அரசியல் என்றால், அதைத் தப்பில்லாமல் காட்டுவது இன்னொரு பாடு. இனி கடிகாரத்துக்குள் போகலாம்.

செய்தவர்கள் லண்டனின் லண்ட் அண்ட் பிளாக்லி. இந்த வகைக் கோபுரக் கடிகாரத்தில் மூன்று தனித்தனி வண்டிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வண்டி நேரத்தை ஓட்டும். ஒரு பக்கத்து வண்டி மணியடிக்கும். மறுபக்கத்து வண்டி கால்மணிக்கு ஒருமுறை மெட்டு வாசிக்கும். மூன்றுக்கும் தனித்தனி உருளை, தனித்தனிக் கம்பிவடம், தனித்தனி எடைக்குண்டு. சாவி கொடுப்பது என்றால் கைப்பிடியைச் சுற்றி அந்தக் குண்டுகளை மறுபடி மேலே ஏற்றுவது. அவை இறங்க இறங்கத்தான் கடிகாரம் ஓடும்.

கோபுரம் ஏன் உயரமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். 1 மணிக்கு ஓர் அடி, 2 மணிக்கு இரண்டு என்று 12 வரை மணியடிகளைக் கூட்டினால் 78. ஒரு நாளில் இரண்டு சுற்று, 156 மணியடி. வாரத்துக்கு 1,092 மணியடி. ஒவ்வோர் அடிக்கும் 50 கிலோ சுத்தியலை 20 சென்டிமீட்டர் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே 300 கிலோ குண்டு ஒன்று வாரத்தில் 36 மீட்டர் இறங்கியாக வேண்டும். 36 மீட்டர் என்பது இங்கே நடுக் கட்டத்தின் 118 அடி உயரம்தான். வெறும் மணியடிப்புக்கே இவ்வளவு. மெட்டுக்கு இன்னும் கூடுதல். வெஸ்ட்மின்ஸ்டர் முறையில் கால்மணிக்கு 4, அரைக்கு 8, முக்காலுக்கு 12, மணிக்கு 16 என்று சுரங்கள் வரும்; ஒரு மணி நேரத்தில் 40, நாளுக்கு 960. நேரத்தை ஓட்டும் வண்டிக்கோ இதில் சிறு பங்குதான் தேவை. கோபுரத்தின் உடம்புக்குள் ஒரு கிணறு இருக்கிறது, அதில் குண்டுகள் இறங்குகின்றன என்று பார்த்தால் பல விஷயம் விளங்கிவிடும்.

சாவி கொடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். கைப்பிடியைச் சுற்றும் நேரத்தில் குண்டின் எடை உங்கள் கையில் இருக்கிறது, சக்கரத்தில் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கடிகாரம் உந்துதலின்றித் தவிக்கும். அதற்காக ஒரு துணை எடை அல்லது வில் வைத்திருப்பார்கள். கைப்பிடியை நுழைக்கும் துளையை ஒரு மூடி மறைத்திருக்கும். மூடியை ஒதுக்க ஒரு நெம்பைத் தூக்க வேண்டும். தூக்கினாலே துணை எடை சக்கரத்தில் ஏறிக்கொள்ளும். மறந்துபோகும் மனிதனை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. அவசரக்காரர்கள் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாவி கொடுப்பார்கள். அங்கே வாரா வாரம் சில நிமிடம் காணாமல் போகும். காரணம் தெரியாமல் ஊசலைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஊசல் விஷயத்தில் லண்டனில் செய்த கடிகாரத்துக்கு மும்பையில் ஒரு வேடிக்கை நடக்கும். பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. லண்டனில் சுமார் 9.812, மும்பையில் சுமார் 9.786. லண்டனில் ஒரு நொடி பிசகாமல் ஓடிய கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து மும்பையில் மாட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பின்தங்கும். பழுது ஒன்றும் இல்லை, ஊசல் மெதுவாக ஆடுகிறது. தீர்வு, ஊசலின் நீளத்தை 0.26 சதவீதம் குறைப்பது. இரண்டு நொடிக்கு ஒருமுறை தட்டும் ஊசல் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம். அதைச் சுமார் 1 சென்டிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும். ஒன்றரை நொடி ஊசலானால் 2.24 மீட்டர்; 6 மில்லிமீட்டர் ஏற்றினால் போதும்.

அதற்குப் பிறகு வெயில். இரும்புத் தண்டு சூட்டில் நீளும். 10 டிகிரி ஏறினால் நாளுக்குச் சுமார் 5 நொடி பின்தங்கும். நல்ல கடிகாரங்களில் இரும்புக் குழாய்க்குள் துத்தநாகக் குழாய் வைத்து, ஒன்று கீழ்நோக்கி நீளும்போது மற்றது மேல்நோக்கி நீளும்படி செய்திருப்பார்கள். மலிவான வழி மரத்தண்டு. மரம் சூட்டுக்கு அசையாது, ஈரத்துக்கு அசையும். மும்பை மழைக்காலத்தில் அதை நம்பக் கூடாது. நாளுக்கு நாள் வரும் அரை நொடி, கால் நொடி வித்தியாசத்துக்கு ஊசலின் திருகைத் தொடுவதில்லை. ஊசல் தண்டின் மேல் பகுதியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அதில் சிறு எடையை வைத்தால் ஊசலின் எடை மையம் கொஞ்சம் மேலே போய் ஆட்டம் விரைவாகும். பிக் பென்னில் ஒரு பழைய பென்னி நாணயம் வைத்தால் நாளுக்கு 0.4 நொடி வேகம் கூடும் என்பது பேர்போன கணக்கு. எடுத்தால் அதே அளவு குறையும். ஊசலை நிறுத்தாமலே செய்யலாம் என்பதுதான் இதில் உள்ள சுகம்.

கோபுரக் கடிகாரத்தின் பெரிய எதிரி ஊசல் அறையில் இல்லை, வெளியே முகப்பில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒரே எந்திரத்திலிருந்து நான்கு திசைக்கும் நீண்ட தண்டுகள் போகும்; நடுவில் கூம்புப் பல்சக்கரங்கள் திசையைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு முகப்புக்கும் பின்னால் 12-க்கு 1 என்ற கணக்கில் சின்ன முள்ளை ஓட்டும் சக்கரங்கள். பெரிய முள்ளுக்கு அச்சின் மறுபக்கம் எதிரெடை இருக்க வேண்டும். அது சரியில்லையென்றால் 12-லிருந்து 6 வரை முள் தானே விழுந்து கடிகாரத்தை இழுக்கும். 6-லிருந்து 12 வரை ஏற முடியாமல் மூச்சு வாங்கும். முள் நுனியில் நாலைந்து புறா உட்கார்ந்தாலும் இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்க முள்ளைத் தள்ளும், எதிர்ப்பக்க முள்ளை விடும். சக்கரத்தைப் பல் பல்லாக விட்டு ஊசலுக்கு உந்துதல் கொடுக்கும் பாகத்துக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். சாதாரண எஸ்கேப்மென்டில் இந்தத் தள்ளல் முழுவதும் சக்கரங்கள் வழியாக ஊசலை எட்டிவிடும். ஊசல் குழம்பினால் நேரம் குழம்பும்.

இதற்குப் பெரிய கடிகாரங்களில் கண்ட தீர்வு ஈர்ப்பு எஸ்கேப்மென்ட். பிக் பென் கடிகாரத்துக்காக டெனிசன் என்பவர் வகுத்தது. சக்கரம் ஊசலை நேரடியாகத் தள்ளாது. ஒரு சின்னக் கையை எப்போதும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் கை தன் எடையால் விழும்போது ஊசலுக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். வெளியே காற்று முள்ளை எப்படி ஆட்டினாலும் கை விழும் உயரம் மாறாது, ஆகவே ஊசலுக்குக் கிடைக்கும் தள்ளலும் மாறாது.

கடிகாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஏணியை எடுத்துக்கொண்டு முகப்புக்கு ஓடக் கூடாது. முதலில் முகப்புகளுக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டு எந்திரத்தை மட்டும் ஓட விடுங்கள். ஓடினால் பழுது வெளியே: முள் உரசுகிறது, புறாக் கூடு அடைத்திருக்கிறது, தண்டின் மூட்டு இறுகியிருக்கிறது. ஓடாவிட்டால் பழுது உள்ளே. அப்போது வடம் உருளையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கியிருக்கிறதா, குண்டு எங்காவது தட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஊசலைத் தாங்கும் எஃகுத் தகடு. காகிதம்போல் மெல்லிய பட்டை அது. அத்தனை பெரிய ஊசலும் அதில்தான் தொங்குகிறது. யாராவது ஊசலைப் பக்கவாட்டில் முறுக்கியிருந்தால் மடிப்பு விழுந்து ஒருநாள் அறுந்துவிடும். கடைசியாகக் காதைக் கொடுங்கள். டிக் - டக் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டி நடைபோல் கேட்டால் ஊசல் நடுவில் தொங்கவில்லை; ஊசலைப் பிடித்திருக்கும் கவட்டையின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி நடையைச் சமமாக்க வேண்டும். நின்றுபோகும் கடிகாரங்களில் பல இந்த ஒரு திருத்தத்தில் ஓடிவிடும்.

ஒரே ஒரு முகப்பு மட்டும் வேறு நேரம் காட்டினால் எந்திரத்தைத் தொடவே வேண்டாம். அந்த முகப்பின் முள் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. நான்கும் சேர்ந்து தப்பு என்றால்தான் உள்ளே திருத்த வேண்டும்.

நேரம் திருத்துவதிலும் முறை உண்டு. எந்திரத்தின் சட்டத்திலேயே உள்ளங்கை அகல முகப்பு ஒன்று இருக்கும். வெளியே என்ன தெரிகிறது என்பதை அது காட்டும். கடிகாரம் பின்தங்கியிருந்தால் பிடிப்பைத் தளர்த்தி முன்னே நகர்த்துங்கள். ஒவ்வொரு கால்மணியையும் தாண்டும்போது நின்று, அடித்து முடியும் வரை பொறுங்கள். முந்தியிருந்தால் முள்ளைப் பின்னே திருப்பாதீர்கள்; அடிக்கும் நெம்பு தப்பான பக்கத்திலிருந்து வந்து மாட்டி வளையும். எத்தனை நிமிடம் முந்தியிருக்கிறதோ அத்தனை நிமிடம் ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டு விடுவதே வழி. 3 மணிக்கு 4 அடித்தால் பயப்பட வேண்டாம். பழைய முறையில் எத்தனை அடி என்பதை ஒரு பள்ளச் சக்கரம் எண்ணுகிறது. அதற்கு முள் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அடிக்கும் நெம்பைக் கையால் தூக்கித் தூக்கி அடிக்கவிட்டு முள்ளோடு பொருந்தும்வரை கொண்டுவர வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் நல்லெண்ணம்தான் கெடுக்கிறது. அச்சுகளுக்கு ஒரு சொட்டு போதும். சக்கரப் பற்களில் எண்ணெய் பூசினால் புழுதி ஒட்டும். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அது சாணைப் பசை. கடற்கரை நகரத்தில் புழுதியோடு உப்பும் சேரும். பளபளவென்று எண்ணெய் வடியும் கடிகாரத்தைப் பார்த்தால் கவனிப்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

மின்மோட்டார் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். குண்டை ஏற்றுவதற்கு மட்டும் மோட்டார் என்றால் தப்பில்லை. மின்சாரம் போனாலும் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும், ஊசல்தான் நேரம் சொல்லும். எந்திரத்தையே ஓரங்கட்டிவிட்டு முகப்புக்குப் பின்னால் நேரடியாக மோட்டார் பூட்டுவது வேறு. மின்சாரம் போகும் அன்றெல்லாம் நான்கு முகப்பும் நான்கு நேரம் காட்டும் வாய்ப்பும் கூடவே வரும்.

இனி மெட்டு. ஆங்கிலேயர் காலத்தில் பிரிட்டிஷ் தேசிய கீதம் உட்பட 16 மெட்டுகள் இங்கே வாசிக்கப்பட்டன. நாளுக்கு 4 முறை மெட்டு மாறும். இன்று கால்மணிக்கு ஒருமுறை ஒரே மெட்டு. அரசு மாறியதால் பழைய பாட்டு போனது என்பது சுலபமான விடை. எந்திரத்தைத் தெரிந்தவர்கள் வேறு காரணமும் சொல்வார்கள்: பழைய மணிக்கூண்டுகளில் முதலில் சாவது பெரும்பாலும் இசை உருளைதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். சாவி கொடுத்தால் பாடும் சின்ன இசைப்பெட்டியை ஆளுயரத்துக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். உருளை முழுக்க முளைகள். உருளை சுற்றும்போது ஒவ்வொரு முளையும் ஒரு நெம்பைத் தட்டும், நெம்பு ஒரு கம்பியை இழுக்கும், கம்பி மேலே மணியறையில் ஒரு சுத்தியலைத் தூக்கி விடும். உருளையைச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த வரிசை முளைகள் நெம்புக்கு நேராக வரும், அடுத்த மெட்டு. ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் ஒரு சுத்தியல் விழுந்து எழுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். அதனால் முக்கிய மணிகளுக்கு இரண்டு சுத்தியல் வேண்டும். கம்பி நீண்டால் அந்தச் சுரம் தாமதிக்கும். ஒரு கம்பி தாமதித்தால் ஒரு சுரம் பிந்தும். பத்துக் கம்பி ஆளுக்கொரு அளவில் தாமதித்தால் மெட்டே அடையாளம் தெரியாது. முளை தேய்ந்தால் சுரம் விழாது. நேரம் ஓட்டும் வண்டி பழுதானால் ஊரே கேட்கும். மெட்டு ஒன்று குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பராமரிப்புப் பணம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சுத்தியல் மணிமேல் விழுந்து உடனே எழும்பி, சில மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு ஒரு தடுப்பு வில் இருக்கும். வில் தளர்ந்தால் சுத்தியல் மணியைத் தொட்டபடி கிடக்கும்; ஓசை கிர்ரென்று அடங்கும், நாளடைவில் மணி கீறும். கனமான சுத்தியல் இன்னும் ஆபத்து. பிக் பென் மணி 1859-இல் கீறியதற்கு அதுதான் காரணம். பிறகு மணியை எட்டில் ஒரு பங்கு திருப்பி, இலகுவான சுத்தியல் போட்டார்கள். கீறலோடுதான் இன்றும் ஒலிக்கிறது. மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் வெள்ளீயம். இனிய நாதத்துக்கு அது வேண்டும், அதே வெள்ளீயம்தான் மணியைக் கண்ணாடிபோல் உடையக்கூடியதாகவும் ஆக்குகிறது.

இவ்வளவையும் சுமக்கும் கல்லைப் பற்றிக் கொஞ்சம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், மீதி மாதங்களில் உப்புக்காற்று. பழைய கட்டுமானம் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. சாந்து கல்லைவிட மென்மை. சுவருக்குள் போன ஈரம் சாந்தின் வழியே வெளியேறும், உப்பும் அங்கேயே பூக்கும், சாந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பை வைத்து அடைத்தால் வேலை முடிந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரத்துக்கு வழி இல்லை. அது கல் வழியே வெளியேறும், உப்பு கல்லின் தோலுக்கடியில் பூத்துக் கல்லே செதில் செதிலாக உரியும். கல்லின் மேல் நீர்புகாப் பூச்சு அடிப்பதும் இதே தப்புதான், அழகான வடிவத்தில்.

கற்களைக் கோத்துப் பிடிக்க வைத்த இரும்புக் கொக்கிகள் இன்னொரு வம்பு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். விரிசல் நேர்கோடாக, ஒரு மூலையை வெட்டியதுபோல் இருந்தால் உள்ளே கொக்கி துருப்பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். விரிசலை மட்டும் பூசி மூடுவது வீண். கொக்கியை எடுத்துத் துருவேறா எஃகில் புதிது வைக்க வேண்டும். கல் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் அப்படித்தான். மேலே தெரிவதை வெட்டினால் வேர் இன்னும் ஆழம் போகும். ஒரு கல்லைக் கழற்றியாவது வேரைச் சாகடிக்காமல் விடக் கூடாது.

கோபுரத்தோடு ஒட்டிய பல்கலைக்கழக நூலகத்தின் வண்ணக் கண்ணாடிகளில் உடைவது பெரும்பாலும் கண்ணாடியல்ல, துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைதான். நூறு வருஷக் காற்றில் ஈயம் களைத்து, சன்னல் தொப்பைபோல் உப்பும். கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, புது ஈயத்தில் கோப்பதைத் தவிர வழியில்லை. பாதுகாப்புக்கென்று வெளியே பிளாஸ்டிக் தகடு போட்டுக் காற்றோட்டம் இல்லாமல் மூடினால் நடுவில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து சிதைவு விரைவாகும்.

2013-இல் தொடங்கிய பெரிய புதுப்பிப்பு 2015-இல் முடிந்தது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் பணம் கொடுத்தது. இந்தியன் ஹெரிடேஜ் சொசைட்டியின் மும்பைக் கிளை முன்னின்று நடத்தியது. 2018-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்தக் கட்டடம் இடம்பெற்றது. அதே வருஷம் கோபுரத்தின் எதிரே உள்ள ஓவல் மைதானத்தின் இருபுறத்துக் கட்டட வரிசைகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மேலே ஏன் விடுவதில்லை என்பதும் அடிக்கடி வரும் துணைக் கேள்வி. உச்சி மாடத்திலிருந்து விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. 1891-இல் இரண்டு பார்சி இளம்பெண்கள் விழுந்து இறந்தது ஊரையே உலுக்கிய வழக்கானது. பிற்காலத்தில் படிகளைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். ஒரே ஒரு சுருள்படி, ஒருவர் ஏறினால் எதிரே ஒருவர் இறங்க முடியாது. அவசரத்தில் ஆட்களை இறக்க அது போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது. சர்ச்கேட் நிலையத்திலிருந்து ஓவல் மைதானத்துக்கு நடை தூரம்தான். கோபுரம் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே காலையில் போனால் சூரியன் கண்ணில் அடிக்கும், கோபுரம் கறுப்பாகத் தெரியும். மாலை 4 மணிக்கு மேல் போங்கள், குர்லாக் கல்லின் மஞ்சள் அப்போதுதான் எழும். தொலைநோக்கி ஒன்று எடுத்துப்போனால் சிலைகளின் தலைப்பாகைக் கட்டு வரை பார்க்கலாம். கைக்கடிகாரத்தை மணியோசைக்குச் சரிசெய்வதானால் கால்மணி மெட்டின் தொடக்கத்தை எடுக்காதீர்கள். மணிக்கணக்கு அடிக்கும் பெரிய மணியின் முதல் அடிதான் சரியான நேரம். மைதானத்தின் மறுகோடியில் நின்றால் அந்த ஓசை உங்களை எட்ட அரை நொடிக்கு மேல் ஆகியிருக்கும்.